ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடுவே: புற்றுநோய் ஆராய்ச்சியில் பி.எச்டி. சேர்பவர்களுக்கு

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த நெட் எழுதணும்?" (நெட், அதாவது தேசியத் தகுதித் தேர்வு) என்பதுதான். சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்று திருப்பிக் கேட்பேன்: "நோயாளியிடமிருந்து வரும் திசுவில் வேலை செய்யப் போகிறீர்களா, செல் லைனில் மட்டுமா?" பலருக்கு உடனே பதில் வராது.

புற்றுநோய் உயிரியல் என்று ஒரே பெயரில் வழங்கினாலும் உள்ளே வேலை மூன்று விதம். செல் லைன் என்று சொல்லும், தட்டில் வளரும் செல்களையும் எலிகளையும் வைத்து ஒரு புரதம் என்ன செய்கிறது என்று பார்ப்பது ஒன்று. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டி, ரத்தம், பழைய பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசு) இவற்றை வைத்துத் தேடுவது இன்னொன்று. மூன்றாவது வகைக்காரர்கள் ஒரு மருந்துப் பரிசோதனையோடு ஒட்டிக்கொண்டு, யாருக்கு மருந்து கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை, ஏன் என்று பார்ப்பார்கள். முதல் வகைக்கு வழி சொல்ல எல்லாக் கல்லூரியிலும் ஆள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை மற்ற இரண்டுக்கும். இந்தியாவை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. தேர்வும் காசும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேரடியாகப் பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸ் தாளுக்கு 200 மதிப்பெண், 3 மணி நேரம். முதல் பகுதியில் 20 கேள்விக்கு 15, இரண்டாவதில் 50-க்கு 35, மூன்றாவதில் 75-க்கு 25 எழுதினால் போதும். தவறான விடைக்குக் கால் பங்கு கழியும். அந்த மூன்றாம் பகுதிக்குத்தான் 100 மதிப்பெண். அங்கே 50 கேள்விகளைத் தொடாமலே விடலாம் என்பதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் மேய்கிறவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பாடத்திட்டத்தில் 13 அலகுகள். புற்றுநோய் நான்காவது அலகில், செல் சமிக்ஞையோடும் நோய் எதிர்ப்பு மண்டலத்தோடும் சேர்ந்து வரும். இது தவிர ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை), உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேர்வு, கேட் (GATE) எல்லாம் இருக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் எதை ஏற்கிறார்கள் என்பது மாறும். அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதலாம். மருத்துவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

உதவித்தொகை, 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான் சேர்ந்தபோது முதல் ஐந்து மாதம் ஒரு பைசா வரவில்லை; ஆறாவது மாதம் மொத்தமாக வந்தது. அதுவரை ஹாஸ்டல் மெஸ்ஸில் கடன். மூன்று நான்கு மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

2. இடம் தேடுவது

மருத்துவமனையும் ஆய்வகமும் ஒரே குடையின் கீழ் இருக்கிற இடங்கள் நம் நாட்டில் பழையவை. மும்பை பரேலில் டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1941-ல் திறந்தது. வி.ஆர். கனோல்கர் தலைமையில் 1952-ல் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. அதன் வழிவந்ததுதான் இன்று நவி மும்பை கார்கரில் இருக்கும் ஆக்ட்ரெக். ஆய்வகங்களும் நோயாளிகளைப் பார்க்கும் பகுதியும் ஒரே வளாகத்தில். பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரில் கிடைக்கும்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கையோடு ஆரம்பித்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தது. அங்கும் மூலக்கூறு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டையும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். நகரத்தில் எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது என்று நீண்ட கால அளவில் பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதிரிப் பதிவேடு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய விஷயம்.

திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையமும் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு கித்வாய், கொல்கத்தா சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம் எல்லாவற்றையும் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது.

வெளிநாடு என்றால், லண்டனில் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் ஜோடி. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் டி.கே.எஃப்.இசட்.; அமெரிக்காவில் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன். அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றில் முதல் ஆண்டு இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரம் சில வாரம் இருந்து பார்த்துவிட்டுக் கைடைத் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊரில் அந்த வசதி எல்லா இடத்திலும் கிடையாது. அதனால்தான் சேருவதற்கு முன்னாலேயே துருவ வேண்டியிருக்கிறது.

எதைத் துருவுவது? நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுங்கள். மருத்துவமனையோடு ஒட்டிய கட்டடத்தில் இருந்துகொண்டு ஐந்து வருஷம் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆய்வகத்தின் கடைசி ஐந்தாறு கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பட்டியலில் அறுவை சிகிச்சை நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர், மருத்துவப் புற்றுநோயியல் நிபுணர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே மருத்துவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நல்ல அடையாளம். ஒவ்வொரு கட்டுரைக்கும் வேறு வேறு மருத்துவர் என்றால், ஏதோ காரணத்தால் யாரும் இரண்டாம் தடவை வரவில்லை.

அப்புறம் அங்கே இரண்டாம் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவரைப் பிடியுங்கள். கைடைக் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மாணவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

– சாம்பிளை யார் போய் எடுத்து வருகிறார்கள்? நீங்களா, டெக்னீஷியனா, "அனுப்பி வைப்பார்கள்" என்ற கதையா?
– நெறிமுறைக் குழுவின் அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறதா, புதிதாக வாங்க வேண்டுமா?
– நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்ற விவரம் உங்களுக்குக் கிடைக்குமா?
– ட்யூமர் போர்டில் (மருத்துவர்கள் கூடிச் சிகிச்சையை முடிவு செய்யும் கூட்டம்) போய் உட்கார விடுவார்களா?

மூன்றாவது கேள்வியில்தான் பல ஆய்வகங்கள் மாட்டும். ஃப்ரீசர் நிறையத் திசு இருக்கும். ஆனால் அந்த நோயாளிகளுக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட திசு பாதித் திசுதான்.

3. கைடுக்கு எழுதுவதும் நேர்காணலும்

"மதிப்புக்குரிய ஐயா/அம்மையீர்" என்று தொடங்கி முப்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பாதீர்கள். வாங்குகிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அவருடைய ஒரு கட்டுரையை எடுத்து, ஒரு படத்தைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே எழுந்த சந்தேகத்தை நான்கு வரியில் கேளுங்கள்.

நேர்காணலில் உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்டைத்தான் நோண்டுவார்கள். "கன்ட்ரோல் என்ன வைத்தீர்கள்? ஏன் அது?" என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மருத்துவமனையோடு இணைந்த இடமென்றால் இன்னொன்றும் கேட்கலாம்: "இது நீங்கள் நினைத்தபடியே வந்தால் டாக்டர் எதை மாற்றிச் செய்வார்?" இதற்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. "இன்னும் தெரியாது சார்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக யாரும் என்னைக் கழித்துவிடவில்லை.

4. முதல் ஆறு மாதம்: ஒப்புதல் படிவம்

கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். அது பாட்டுக்கு நடக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியது நெறிமுறைக் குழுவைப் பற்றி. விண்ணப்பம், கேள்வி, திருத்தம், மறுபடி கூட்டம் என்று மாதக் கணக்கில் போகும். பி.எச்டி.க்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு. அதில் ஓராண்டை இதிலேயே கரைத்தவர்கள் உண்டு. சேர்ந்த முதல் வாரமே கைடிடம் கேட்டு வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 தேசிய நெறிமுறை வழிகாட்டியை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். பெரிய ஆவணம்தான், தேவைப்படும்போது புரட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் தேவைப்படும்போது நேரம் இருக்காது. புதிய மருந்து என்றால் 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளும், சி.டி.ஆர்.ஐ. (மருத்துவப் பரிசோதனைகளின் இந்தியப் பதிவேடு) பதிவும் சேர்ந்துகொள்ளும்.

ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது ஆங்கிலப் படிவத்தின் மொழிபெயர்ப்பு. "தங்களின் திசு மாதிரிகள் எதிர்காலப் பகுப்பாய்வுகளுக்கு உட்படுத்தப்படக்கூடும்" என்று ஒரு வரி எங்கள் படிவத்தில் இருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் அதை வாசித்தேன். முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும் மகளைத் திரும்பிப் பார்த்து, "என்னாடி சொல்றாரு, இன்னொரு ஆபரேஷனா?" என்றார்.

அன்றைக்குப் படிவத்தை மடித்து வைத்துவிட்டு வாயால் சொன்னேன். நாளைக்கு ஆபரேஷனில் கட்டியை எடுக்கப் போகிறார்கள், அதை டெஸ்டுக்கு அனுப்புவார்கள், டெஸ்டுக்குப் போக மிச்சம் இருந்தால் அதில் ஒரு துளி எங்களுக்குக் கொடுக்கச் சம்மதமா, வேண்டாம் என்றாலும் உங்கள் வைத்தியத்தில் ஒன்றும் மாறாது. மகள் கேட்டார்: "இதனால அம்மாவுக்கு என்ன பிரயோஜனம்?" இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கிறது. "அவங்களுக்கு நேரடியா ஒண்ணும் இல்லைம்மா. பின்னாடி வர்றவங்களுக்கு உதவலாம்." இதைச் சொல்லத் தயங்கி, "நல்லதுக்குத்தாம்மா" என்று மழுப்பினால் அது ஒப்புதலே ஆகாது. ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய. அந்த எண்ணத்தை நீக்குவது உங்கள் வேலை. அந்த அம்மா யோசித்துவிட்டுச் சரி என்றார். அடுத்த வாரம் படிவத்தை இந்தப் பேச்சு நடையிலேயே திருத்தி மறுபடி குழுவுக்கு அனுப்பினோம். திருத்திய எந்தப் படிவமும் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது.

இன்னும் சில. எழுதப் படிக்கத் தெரியாதவரென்றால் கைரேகையோடு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு போய்ப் படிவத்தை நீட்டாதீர்கள். முந்தின நாள் மாலை நல்ல நேரம். பிறகு மனசு மாறினால் விலகிக்கொள்ளலாம் என்பதையும், அதற்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். படிவத்தின் ஒரு பிரதி அவர்களிடம் இருக்க வேண்டும்.

5. ஒரு திசுத் துண்டின் பின்னால் நடப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் முதல் சாம்பிள் பாழாய்ப் போனது. மதியம் இரண்டேகால் மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன்: "ஸ்பெசிமன் வெளிய வருது." ஐஸ் பக்கெட்டோடு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் சிஸ்டர் வழக்கப்படி எல்லாவற்றையும் ஃபார்மலின் டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டி வைத்துவிட்டார். எனக்கு வேண்டியது ஆர்.என்.ஏ.; ஃபார்மலின் அதைக் கெடுத்துவிடும். சிஸ்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் அப்படித்தான் செய்கிறார், அதுதான் சரியும்கூட. அன்றைக்கு வேறு மாதிரி வேண்டும் என்று முன்கூட்டியே போய்ச் சொல்ல வேண்டியவன் நான். சர்ஜனிடம் சொல்லியிருந்தேன், சிஸ்டரிடம் சொல்லவில்லை. மருத்துவமனையில் யாரிடம் சொன்னால் வேலை நடக்கும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

அதற்கப்புறம் நான் செய்ததையே உங்களுக்கும் சொல்கிறேன். சொந்த சாம்பிள் எடுக்கத் தொடங்குவதற்கு முன், அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் சும்மா ஸ்பெசிமனின் பின்னாலேயே நடங்கள். தியேட்டர், அங்கிருந்து எடுத்துப் போகும் அட்டெண்டர், திசுவைப் பார்த்து வெட்டும் கிராஸிங் அறை, திசுவைப் பதப்படுத்தும் இயந்திரம், மெல்லிய சீவலாகச் சீவும் மைக்ரோடோம், ஸ்லைடு, கடைசியில் ரிப்போர்ட். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று எழுதி வாருங்கள்.

ரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து திசு மாறத் தொடங்கிவிடும். மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பியையும் ஹெர்-2 என்ற புரதத்தையும் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும் என்பது நோயறிதலுக்கே உள்ள விதி. ஆர்.என்.ஏ. இன்னும் அவசரக்காரன். திரவ நைட்ரஜனில் உடனே உறைய வைத்து மைனஸ் 80-க்குப் போக வேண்டும், இல்லை அதற்கென்று உள்ள பாதுகாப்புத் திரவத்தில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபார்மலினில் போட்டுத் திங்கட்கிழமை எடுத்த திசுவையும், செவ்வாய்க்கிழமை போட்டுப் புதன்கிழமை எடுத்ததையும் ஒரே தட்டில் ஓட்டிவிட்டு "வித்தியாசம் தெரிகிறது" என்று சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் பார்ப்பது வார இறுதி விடுமுறையாக இருக்கலாம்.

பழைய பிளாக்குகளிலும் வேலை செய்யலாம். நிறைய நல்ல ஆய்வுகள் அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் ஃபார்மலினில் டி.என்.ஏ. துண்டு துண்டாகும், சைட்டோசின் இருந்த இடத்தைச் சில நேரம் வரிசைப்படுத்தும் கருவி தைமின் என்று படிக்கும். அது மரபணுப் பிறழ்வு மாதிரியே தோன்றும்.

நோய்க்குறியியல் நிபுணர் பார்த்துப் பிரித்துக் கொடுத்த பிறகே உங்களுக்குத் திசு. கட்டியின் ஓரத்தை, நிணநீர் முடிச்சை உங்கள் இஷ்டத்துக்கு வெட்டினால் அந்த நோயாளியின் நோய் நிலை ரிப்போர்ட்டே தப்பாகிவிடும். ரொம்பச் சின்னக் கட்டி என்றால் அன்றைக்கு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கிடைத்த துண்டிலும் ஒரு சீவலை ஸ்லைடாக்கி, எத்தனை சதவீதம் கட்டிச் செல்கள் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் கட்டி மாதிரி இருக்கும். உள்ளே முக்கால்வாசி கொழுப்பும் நார்த்திசுவும்.

டியூபில் நோயாளியின் பெயரோ மருத்துவமனை எண்ணோ எழுதக் கூடாது. குறியீட்டு எண் மட்டும். குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் பூட்டிய இடத்தில், ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்; உங்கள் மடிக்கணினியில் அதற்கு இடமில்லை.

6. தடுப்பூசி, கோட், நேரம்

சின்ன விஷயங்கள். யாரும் சொல்லமாட்டார்கள்.

ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த அன்றே முதல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசி குத்திவிட்டாலோ பிளேடு கிழித்துவிட்டாலோ சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக் கேஷுவல்டிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கைடு திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

ஆய்வகக் கோட்டோடு வார்டுக்குப் போகாதீர்கள். வார்டில் போட்ட கோட்டோடு ஆய்வகத்துக்கும் திரும்பாதீர்கள்.

மருத்துவர்களிடம் பேசக் காலை ஏழே முக்கால் மணி நல்ல நேரம், தியேட்டருக்குள் போகும் முன். ஓ.பி. நாளில் கதவருகே போய் நிற்காதீர்கள். வெளியே எழுபது பேர் காத்திருப்பார்கள். எட்டிப் பார்க்கும் ஆய்வு மாணவரை அவர்களுக்கும் பிடிக்காது, டாக்டருக்கும் பிடிக்காது.

7. ட்யூமர் போர்டில் பின் வரிசை

வாரம் ஒரு முறை சர்ஜன், கதிரியக்க நிபுணர், மருத்துவப் புற்றுநோயியல் நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியாகப் பேசி அடுத்த சிகிச்சையை முடிவு செய்வார்கள். அதில் போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். முதல் ஒரு மாதம் ஒன்றும் புரியாது. பரவாயில்லை.

முதலில் ரிப்போர்ட்டின் மொழியைப் பிடியுங்கள். டி என்றால் கட்டி, என் என்றால் நிணநீர் முடிச்சு, எம் என்றால் பரவல். எழுத்துக்கு முன்னால் 'சி' இருந்தால் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துச் சொன்னது. 'பி' இருந்தால் வெட்டியெடுத்துப் பார்த்துச் சொன்னது. 'ஒய்பி' இருந்தால் கீமோவோ கதிரியக்கமோ கொடுத்த பிறகு வெட்டிப் பார்த்தது. அந்த 'ஒய்' எழுத்தைக் கவனிக்காமல், கீமோ வாங்கிய கட்டியையும் வாங்காத கட்டியையும் ஒரே குவியலில் போட்டு மாதக் கணக்கில் அலசிய ஒரு தோழி இருக்கிறாள். மருந்து கொன்றுபோட்டது போக மிஞ்சிய செல்களைத்தான் அவள் "தீவிர வகை" என்று பெயரிட்டு வைத்திருந்தாள். போர்டில் ஒரு டாக்டர் போகிற போக்கில் "இதெல்லாம் நியோ-அட்ஜுவன்ட் கேஸ் ஆச்சே" என்று, அதாவது ஆபரேஷனுக்கு முன்பே கீமோ வாங்கியவர்கள் என்று, சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

கூடவே இரண்டு கதைகளைப் படித்து வையுங்கள். ஒன்று, டாட்டா மெமோரியலில் நடந்து 2015-ல் வெளியான வாய்ப் புற்றுநோய் ஆய்வு. ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுநோயில் கழுத்து நிணநீர் முடிச்சுகளை முதல் அறுவை சிகிச்சையிலேயே எடுத்துவிடுவதா, அங்கே பரவல் தெரிந்த பிறகு எடுப்பதா என்பது பல காலமாக இருந்த தகராறு. 500 பேரின் முடிவைப் பார்த்ததில், மூன்று ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் குழுவில் 80 சதவீதம், இரண்டாவதில் 67.5 சதவீதம். இதில் மரபணு இல்லை, புரதம் இல்லை, ஒரு பி.சி.ஆர். கூட இல்லை. ஆனால் சர்ஜன்கள் செய்கிற முறை மாறியது. மூலக்கூறுகளிலேயே ஊறிய நமக்கு இது கொஞ்சம் உறைக்கும், உறைக்கட்டும்.

இன்னொன்று நெக்ஸ்கார்-19. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து, நோயாளியின் டி செல்களையே (நோய் எதிர்ப்புச் செல்கள்) எடுத்து மாற்றியமைத்துத் திரும்ப அவருக்கே செலுத்தும் சிகிச்சையை இங்கேயே உருவாக்கினார்கள். 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு தொடங்கிவைத்தார். சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கானது. இங்கே ஆய்வகமும் வார்டும் ஒன்றில்லாமல் மற்றொன்று ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்க முடியாது.

8. எண்ணுவதற்கு முன்னால் கேளுங்கள்

புள்ளியியல் நிபுணரிடம் கடைசி வருஷம் எக்செல் கோப்போடு போகாதீர்கள். முதல் சாம்பிள் எடுப்பதற்கு முன்னால் போங்கள். "எத்தனை பேர் வேண்டும்?" என்று கேட்டால் அவர் திருப்பி, "எவ்வளவு வித்தியாசத்தைப் பார்க்க எதிர்பார்க்கிறீர்கள்?" என்பார். அதற்குப் பதில் தேடும்போதுதான் நம் கேள்வி எவ்வளவு மங்கல் என்று தெரியும். கட்டிகளை ஒரு நாளும் இயல்பான திசுக்களை இன்னொரு நாளும் ஓட்டாதீர்கள், கலந்து ஓட்டுங்கள். எத்தனை பேர் எவ்வளவு காலம் உயிரோடிருந்தார்கள் என்று காட்டும் கப்லான்–மேயர் வரைபடத்தையும், அதில் வரும் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள் என்ன என்பதையும் உங்களால் பாட்டிக்குச் சொல்கிற மாதிரி சொல்ல முடிய வேண்டும். அந்தக் கோடுகள், கடைசியாகப் பார்த்தபோது உயிரோடிருந்து அதற்கு மேல் தகவல் இல்லாதவர்கள். நம் மருத்துவமனைகளில் அப்படிப்பட்டவர்கள் அதிகம். தூரம், காசு, வீட்டில் ஆளில்லாமை என்று காரணங்கள் பல. போனில் கூப்பிட்டு விசாரிக்கும் சமூகப் பணியாளரோடு நட்பாக இருங்கள்.

விசாரித்த தகவல் கோப்பில் ஒரு நெடுவரிசையாக வரும். திங்கட்கிழமை திறந்தால் ஓர் எண்ணுக்கு நேரே 'உயிருடன்' என்பது மாறித் தேதி ஏறியிருக்கும். எண் மட்டும்தான் என்றாலும், எந்த மாலையில் யாரிடம் படிவம் வாசித்தோம் என்பது நினைவிருக்கும். முதல் முறை அப்படி ஆனபோது எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இதைப் பற்றிப் பேச ஆய்வகத்தில் ஒருவராவது இருப்பது நல்லது. வார்டில் இருப்பவர்களுக்கு இது பழக்கம். நமக்கு யாரும் பழக்கிவிடுவதில்லை.

செல் லைனும் கூடவே வைத்திருப்பீர்கள். மைக்கோபிளாஸ்மா (செல்களில் தொற்றும் பாக்டீரியா) சோதனை மாதாமாதம். வந்த செல் சொன்ன செல்தானா என்று டி.என்.ஏ. அடையாளம் பார்க்கும் எஸ்.டி.ஆர். சோதனை ஒரு முறையாவது. இதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

9. இரண்டு கைடுகள்

விஞ்ஞானி ஒருவர், மருத்துவர் ஒருவர் என்று இரண்டு கைடு இருப்பதுதான் இந்த வகைப் பி.எச்டி.யின் பலம். தலைவலியும் அதுதான். ஒருவர் "இன்னும் இருபது சாம்பிள் வேண்டும்" என்பார். இன்னொருவர் "இதுவரை உள்ளதை எழுது" என்பார். இருவரையும் ஒரே அறையில் மாதம் ஒரு முறை உட்கார வைப்பது உங்கள் வேலை. பேசியதை அன்று மாலையே நான்கு வரியில் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். முதல் ஆசிரியர் யார், திசு கொடுத்த சர்ஜனின் பெயர் எங்கே வரும் என்பதையெல்லாம் கட்டுரை எழுதும்போது அல்ல, திட்டம் போடும்போதே பேசி எழுதிவையுங்கள்.

மருத்துவராக இருந்து பி.எச்டி.க்கு வருகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. பிப்பெட் பிடிப்பது மூன்று மாதத்தில் வந்துவிடும். நேரம்தான் வராது. "ஆராய்ச்சி நாள்" என்று காகிதத்தில் இருக்கும் புதன்கிழமையில் டூட்டி டாக்டர் லீவ் போடுவார். சேரும்போதே துறைத் தலைவரிடம் எந்த நாட்கள் ஆய்வகத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்த பக்கத்து மேசைக்காரரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அவர் உங்களிடம் ரிப்போர்ட் படிக்கக் கற்றுக்கொள்வார்.

10. கிளம்பும்போது

நெறிமுறைக் குழுவுக்கு ஆண்டறிக்கை தவறாமல் போக வேண்டும். ஆய்வு முடிந்ததும் முடிவறிக்கை. மிச்சத் திசுவை என்ன செய்வது என்பது ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படிதான். எதிர்கால ஆய்வுக்கும் சம்மதம் வாங்கியிருந்தால் திசு வங்கிக்குப் போகலாம். வாங்காததை வைத்திருக்க முடியாது.

ஃப்ரீசர் பட்டியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். எந்த அடுக்கு, எந்தப் பெட்டி, எந்தக் குழி, எத்தனை முறை உருக்கி மறுபடி உறைய வைத்தது என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். பென்சிலிலோ ஆல்கஹாலில் அழியாத மார்க்கரிலோ எழுதுங்கள். சாதாரண மார்க்கர் எழுத்து எத்தனால் பட்டால் போய்விடும். நான் கிளம்பும்போது ஜூனியரிடம் 214 டியூப் ஒப்படைத்தேன். பட்டியலில் 215 இருந்தது. இரண்டு நாள் மைனஸ் 80-யில் கையை விட்டுத் தேடி, கடைசியில் அது வேறொருவர் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.